விறகுக்கு என்ன விலை?

உங்கள் வீட்டில் ஒரு கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும்? முப்பது நாள்? நாற்பது? பள்ளிக்கூடம் லீவு விட்டு, சொந்தக்காரர்களும் வந்து சேர்ந்துவிட்டால் இருபத்தைந்து?

எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் 92 நாள் வந்தது. நம்ப மாட்டீர்கள். ஆனால், அந்தக் கணக்கை எழுதியவன் நான்தான்.

வருடம் 1998. கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நாகர்கோவிலில் பி.காம். சேர்ந்திருந்தேன். அந்த வருடம்தான் வீட்டுக்கு கேஸ் வந்தது. புது மருமகள் வந்த மாதிரி அதைச் சுற்றி ஒரே கூட்டம். அம்மா ஒரு பழைய பூப்போட்ட சேலையைக் கிழித்து, சிலிண்டருக்குப் பாவாடை தைத்துப் போட்டாள். அப்பா சுவர்க் காலண்டரில் தேதியைச் சுழித்து வைத்தார். அக்கவுண்டன்ஸி படிக்கிற திமிரில் நான் அந்தக் காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். சிலிண்டர் விலையை நாள் கணக்கால் வகுத்து, ‘ஒரு நாள் எரிபொருள் செலவு’ என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி. ‘விறகு - 0.’

பூஜ்யம்தானே? தோப்பில் விழுகிற ஓலை, மட்டை, கொதும்பு, சிரட்டை. ஒரு பைசா கொடுத்து வாங்கவில்லையே!

வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா அந்தக் காலண்டரைத் திருப்பிக் காட்டுவார். “புள்ள பி.காம். படிக்கான்லா... கணக்கு சுத்தமா இருக்கும்.”

92 நாள் ரகசியம் இதுதான். காலையில் சாயா, விருந்தாளி வந்தால் சாயா, ராத்திரி யாருக்காவது சுகமில்லை என்றால் கொஞ்சம் வெந்நீர். கேஸ் அடுப்புக்கு அவ்வளவுதான் வேலை. சோறு, குழம்பு, ஐந்து பேர் குளிக்கிற வெந்நீர், நெல் அவிப்பது எல்லாம் பழைய விறகடுப்பில். சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிட்டால் அப்பா ஏசுவார் என்று அம்மாவுக்குப் பயம். நாள் கூடக் கூட, ஆண்கள் எங்கள் மூன்று பேருக்கும் சந்தோஷம்.

பதினெட்டு வருடம் கழித்து, 2016-ல், நாலு படி ஏறினாலே அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நானும் அண்ணனும் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “அம்மாவுக்கு பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?”

நாங்கள் சிரித்துவிட்டோம். டாக்டர் சிரிக்கவில்லை. “வீட்டுல என்ன அடுப்பு?” என்றார்.

“கேஸ் இருக்கு டாக்டர்” என்றேன் முந்திக்கொண்டு.

“இருக்கறது சரி. எதுல சமைக்கிறாங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா மெதுவாகச் சொன்னாள். “விறகுலதான்.”

நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். சி.ஓ.பி.டி. என்று இங்கிலீஷில் சுருக்கிச் சொல்வார்கள். நெடுநாள் சிகரெட் பிடித்தவர்களுக்கு வருவது. நெடுநாள் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்தவர்களுக்கும் வருவது. அம்மாவுக்கு அதனால்தான் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தக் காலண்டரும் அதன் பின்பக்கத்துப் பூஜ்யமும் ஞாபகத்துக்கு வந்தன.

இன்னொரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருடம், 2015 மார்ச்சில், வசதி உள்ளவர்கள் கேஸ் மானியத்தை விட்டுக் கொடுங்கள் என்று மத்திய அரசு ஓர் இயக்கம் தொடங்கியது. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் விட்டுக் கொடுத்தார்கள். சென்னையில் இருந்த நானும் ஒருவன். முகம் தெரியாத ஏதோ ஒரு அம்மா ஊதாங்குழலைக் கீழே வைப்பாள் என்று நினைத்து நெஞ்சு கொஞ்சம் விம்மியது. முகம் தெரிந்த அம்மா அதே நேரம் தோவாளையில் ஊதிக்கொண்டிருந்தாள். எனக்கு அது உறைக்கவே இல்லை!

சரி, விறகு இலவசம் என்கிறோமே... யாருக்கு இலவசம்?

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. ஊர் பச்சைப் பசேல் என்று இருப்பதைப் பார்த்து நீங்கள் போட்டோ எடுப்பீர்கள். அந்த மழைக்கு முன்னால் மட்டையை வெட்டி, வெயிலில் போட்டு, திருப்பி, அடுக்கி, பரணில் ஏற்ற வேண்டும். வானம் இருட்டினால் துணியை எடுப்பதற்கு முன்னால் விறகை எடுக்க ஓட வேண்டும். அப்படியும் பாதி விறகு ஈரமாகத்தான் இருக்கும். ஈர விறகைப் பற்றவைத்தால், அதன் சூடு முதலில் ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிறது. மிச்சச் சூட்டில் விறகு சரியாக எரியாது. அப்படி எரியாமல் தப்பித்துப் போகிற விறகுதான் புகை. பழைய மண் அடுப்பில், விறகில் உள்ள சக்தியில் கால்வாசிகூடச் சோற்றுப் பானைக்குப் போய்ச் சேராது. காமர்ஸ்காரன் பாஷையில் சொன்னால், அத்தனையும் சேதாரம். அந்தச் சேதாரத்தை அம்மா மூச்சில் வாங்கிக்கொண்டாள்.

இந்தப் புகையை முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர். 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில், சமைக்கிற பெண்கள் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று கருவி வைத்து அளந்தார். நகரத்துத் தொழிற்சாலைப் புகையைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அடுக்களைக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஒரு கணக்கைக் கேளுங்கள். வீட்டுக்குள் எரிக்கும் விறகு, சாணி, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள்.

அது ஏன் இவ்வளவு காலம் கண்ணில் படவில்லை? லண்டனைப் பாருங்கள், விடை கிடைக்கும்.

1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் புகைமூட்டம் அமுக்கியது. வீட்டுக்கு வீடு குளிருக்காக எரித்த நிலக்கரி ஒரு முக்கியக் காரணம். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1956-ல், அதாவது எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருடம், அங்கே சுத்தமான காற்றுக்கு ஒரு சட்டம் வந்தது. புகை கூடாது என்று அறிவித்த பகுதிகளில், பழைய கணப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை அரசாங்கப் பணத்திலிருந்து கொடுத்தார்கள். அங்கே வீட்டுப் புகை புகைபோக்கி வழியாகத் தெருவுக்கு வந்தது. நாடாளுமன்ற உறுப்பினரின் மூக்கிலும் ஏறியது. அதனால் நாலு வருடத்தில் சட்டம்!

நம் அடுப்புப் புகை எங்கே போயிற்று? ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிச் சுற்றி, அடுப்பு முன்னால் உட்கார்ந்த ஒருத்தியின் கண்ணிலும் மூக்கிலும் தங்கிவிட்டது. தெருவுக்கு வந்தால் பொதுப் பிரச்னை. அடுக்களைக்குள் இருந்தால் வீட்டு விஷயம். வீட்டு விஷயத்தில் நாம் தலையிட மாட்டோம், ரொம்ப நாகரிகமானவர்கள்.

யாருமே கவலைப்படவில்லை என்று சொல்லிவிட முடியாது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா, லண்டனில் கணக்காளராகப் பயிற்சி பெற்றவர். காந்தியோடு சேர்ந்து வார்தாவில் அவர் நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கம் புகை குறைந்த அடுப்பைப் பரப்பப் பார்த்தது. கணக்குப் படித்தவர் ஒருவருக்கு அடுப்புப் புகை கண்ணில் பட்டிருக்கிறது, எனக்குத்தான் படவில்லை. பிறகு, 1983-ல் தொடங்கி 2002 வரை மத்திய அரசே மேம்பட்ட அடுப்புத் திட்டம் நடத்தியது. ஏறக்குறைய மூன்றரைக் கோடி அடுப்பு கொடுத்தார்கள். நிறைய அடுப்புகள் விரிசல் விட்டு, மூலைக்குப் போயின. 2007-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016 மே 1-ம் தேதி உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஒரு நல்ல காரியம், இணைப்பு வீட்டுப் பெண்ணின் பெயரில். இணைப்புக்கு 1,600 ரூபாயை அரசு கொடுத்தது. மூன்றரை வருடத்துக்குள் எட்டுக் கோடி இணைப்பு. சாதாரண விஷயம் இல்லை.

ஆனால், 2019-ல் மத்தியத் தணிக்கைத் துறை ஓர் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு எண் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2018 டிசம்பர் நிலவரப்படி, உஜ்வலா குடும்பங்கள் வருடத்துக்கு வாங்கிய சிலிண்டர் சராசரியாக 3.21.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? 365-ஐ 3.21-ஆல் வகுத்தேன். ஒரு சிலிண்டர் 113 நாள்!

எங்கள் வீட்டு 92 நாள் சாதனையை நாடு முறியடித்துவிட்டது. எத்தனை வீடுகளில் சிலிண்டருக்குப் பாவாடை தைத்துப் போட்டிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

“இலவசமாகக் கொடுத்தாலும் பழக்கத்தை விட மாட்டார்கள் சார்” என்று ஒரு கட்சி உண்டு. “விறகுச் சமையல் ருசிக்குப் பழகின நாக்கு” என்று இன்னொரு கட்சி. இரண்டும் முழு உண்மை இல்லை என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டங்களிலும் கவுதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை சிலிண்டரும் இலவசம், வீட்டுக்கே வந்துவிடும். என்ன ஆயிற்று? ஏறக்குறைய எல்லோருமே கேஸில்தான் சமைத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்தூசி, கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. விறகில் சமைத்தவர்களுக்கோ 70. பணக் கவலையும், தீர்ந்துவிடுமோ என்ற பயமும் போனதும், பழக்கமும் போய்விட்டது.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவையும் மறைக்கக் கூடாது. 2022-ல் அது வெளியானபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றார்கள். அடுப்பை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பிவிடாதீர்கள்.

அப்படியென்றால் நம் வீடுகளில் சிலிண்டர் ஏன் 113 நாள் வந்தது? கேஸுக்கு ரொக்கம் வேண்டும், மொத்தமாக வேண்டும். ரொக்கம் ஆண் பையில் இருக்கிறது. விறகுக்கு ஒருத்தியின் உழைப்பும் மூச்சும் போதும், அவை யார் பையிலிருந்தும் எடுக்கப்படுவதில்லை. எதில் சமைப்பது என்று தீர்மானிப்பவர் புகையைச் சுவாசிப்பதில்லை. சுவாசிப்பவளிடம் யாரும் கேட்பதில்லை. உஜ்வலா சிலிண்டருக்கு 2022-ல் 200 ரூபாய் கூடுதல் மானியம் கொடுத்தார்கள், 2023 அக்டோபரில் அதை 300 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால், எந்த மானியமும் எங்கள் வீட்டுக் காலண்டருக்குப் பின்பக்கம் போய் அந்தப் பூஜ்யத்தைத் திருத்தாது. எங்கள் வீடு ஏழை வீடும் இல்லை. மாதம் ஒரு சிலிண்டர் வாங்க அப்பாவால் முடிந்தது. முடிந்தும் வாங்காமல் இருந்ததற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சிக்கனம்.

சிக்கனம் நல்ல குணம்தான். தன் செலவைக் குறைத்துக்கொள்கிறவனுக்கு. தன் செலவை அடுத்தவர் உடம்பில் எழுதிவிடுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சரி, அப்படியானால் பழைய அடுப்பை உடைத்து எறிந்துவிட வேண்டியதுதானா? அமெரிக்காவில் பல ஊர்களில் அப்படித்தான். குளிருக்கு எரிக்கிற பழைய விறகுக் கணப்பை மாற்ற மானியம் கொடுப்பார்கள். பழையதை அவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அதை நொறுக்கிவிடுவார்கள். மறுபடி யாரும் பற்றவைக்கக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை நான் மறக்கவில்லை. ரப்பர், வாழை, தென்னை எல்லாம் சாய்ந்தன. எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. அந்த நேரம் பார்த்து வீட்டில் சிலிண்டர் தீர்ந்தது. வண்டி வர வழியில்லை. அண்ணன் மனைவி, என் மைனி, முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி, விழுந்த மரத்தையே விறகாக்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கஞ்சி வைத்தாள். அன்றைக்கு அந்த அடுப்பு தெய்வம். கையில் இருக்கிற ஒரே வழியைப் பிடுங்கிவிட்டு, ‘உன் நன்மைக்குத்தான்’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன். முற்றத்தில் ஒரு பழைய அடுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். தினம் மூன்று வேளையும் அதுவே என்றால்தான் வம்பு.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. அதே அடுக்களையில் இப்போது மைனி. அதே அடுப்பு. போன தடவை கோயில் கொடைக்குப் போயிருந்தபோது மணக்குடி மீன் வாங்கி, மண்சட்டியில் புளிமுளம் வைத்திருந்தாள். “மைனி, சென்னையில என்ன காசு கொடுத்தாலும் இந்த ருசி வராது. விறகடுப்பு விறகடுப்புதான்!” என்றேன். மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பாராட்டுக்குக் கண் கலங்குகிறாள் என்று அரை நிமிஷம் நினைத்தேன்.

அரை நிமிஷம்தான். அப்புறம் சோறு இறங்கவில்லை. டாக்டர் கேட்ட கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தவன், இவ்வளவையும் படித்தவன், மறுபடி அதே பூஜ்யத்தைத்தான் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை ‘ருசி’ என்று பெயர் வைத்து.

சாப்பிட்டு முடித்து, பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன். “மைனி, இனிமே விறகு வேண்டாம். மாசாமாசம் சிலிண்டர் பணத்தை உங்க கணக்குலயே போட்டுடறேன்.”

மைனி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். “பைசா இல்லாமலா தம்பி இருக்கோம்? நம்ம சம்பா அரிசி வேக ஒரு மணி நேரம் ஆகும். அதையும் கேஸ்ல வச்சுருவேன். உங்க அண்ணனுக்கு அது இறங்காதாம். நீங்க வந்தா மீன்கறி விறகுலதான் வேணும். உங்க ரெண்டு பேருக்க நாக்கும் மாறட்டும், எனக்க அடுப்பு தானா மாறிரும்.”

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

பொங்கலுக்குப் போனபோது, மீனை நானே வாங்கிக் கொடுத்து, “கேஸ்லயே வையுங்க மைனி” என்றேன். வைத்தாள். உண்மையைச் சொல்லட்டுமா? ருசி கொஞ்சம் குறைவுதான். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டான். அவனோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். அடுத்த தடவை ஊருக்குப் போனால் அம்மாவிடமோ, அக்காவிடமோ, மைனியிடமோ ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று கேளுங்கள். ரொம்ப நாள் வருகிறது என்று சொன்னால் பாராட்டிவிடாதீர்கள். அடுக்களைக்குப் பின்பக்கம் போய் எட்டிப் பாருங்கள்.